‘மாஸ்டர் ரேஸ்’ சர்வரும் ‘சேரி’ சேனலும்: பேரை மாத்தித்தான் ஆகணுமா அக்கா?

கேள்வி:

வணக்கம்ங்க அக்கா. பேர் போட வேண்டாம், கோயமுத்தூர்னு மட்டும் போட்டுக்கோங்க. 2020 லாக்டவுன்ல காலேஜ் பசங்க எல்லாம் அமாங் அஸ் விளையாட டிஸ்கார்ட்ல (கேம் ஆடறவங்க குரூப்பா பேசிக்கற ஆப்) ஒரு சர்வர் ஆரம்பிச்சோம். இப்ப 60 பேர் இருக்கோம், பாதிப்பேர் பிசில வேலரன்ட், மீதிப்பேர் ஃபோன்ல பிஜிஎம்ஐ. சர்வர் பேர் ‘கோவை மாஸ்டர் ரேஸ்’. பிசி மாஸ்டர் ரேஸ்னு நெட்ல இருக்கற மீம்தான், நாங்க கண்டுபிடிச்சது இல்ல. மொபைல் பசங்களுக்கு தனி சேனல், அதுக்கு பேர் ‘சேரி’. கிராஃபிக்ஸ் கம்மி, ஹெட்செட் கிடையாது, எக்கோ வேற, அதனால கலாய்ச்சு வச்சது. எக்கோ தொல்லை தாங்காம மெயின் வாய்ஸ் சேனல்ல அவங்களுக்கு கனெக்ட் பர்மிஷனை எடுத்து விட்டுட்டோம், யாராவது உள்ள இழுத்து விட்டா வரலாம். இப்ப ஒரு டோர்னமென்ட்டுக்கு பேர் குடுத்தா டீம் பேரை மாத்தி அனுப்புங்கனு திருப்பிட்டாங்க. ஜெர்மனில மியூனிக்ல படிக்கற எங்க ஃப்ரெண்ட் ‘டேய் இது நாஜி பேருடா, இங்க ரூம்ல யாராவது இருந்தா சர்வரை திறக்கவே முடியல’ங்கறான். இதுக்கு நடுவுல மொபைல் பக்கம் ரொம்ப நாளா இருந்த ஒருத்தன் சொல்லாம கொள்ளாம லெஃப்ட் ஆயிட்டான், கேட்டா வேலை ஜாஸ்திடாங்கறான். போல் வச்சோம், 33 பேர் மாத்த வேண்டாம்னாங்க, 5 பேர் மாத்தலாம்னாங்க. நாங்க யாரும் சாதி பார்க்கற ஆளுங்க இல்லீங்க. இதை மாத்தினா நாளைக்கு நூப்னு (ஆடத் தெரியாதவன்னு) கூட கூப்பிடக் கூடாதும்பாங்க. மாத்தணுமா? கேஸ் கீஸ் ஆகுமா? இன்னொண்ணு, ஒருத்தன் ஐடியில 88 இருக்கு, அதுவும் நாஜி நம்பர்னு மியூனிக்காரன் சொல்றான், நெஜமாங்க?

பதில்:

தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ‘சேரி’ங்கற பேரை இன்னிக்கே தூக்குங்க, இதை படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே தூக்கினாலும் சரி. அந்த கனெக்ட் பர்மிஷனையும் திருப்பி குடுத்துடுங்க. ‘மாஸ்டர் ரேஸ்’ பேரையும் மாத்தறதுதான் நல்லது, ஆனா அதுக்கு ஒரு வாரம் எடுத்துக்கலாம், உக்காந்து பேசி நல்ல பேரா வைக்கலாம். ரெண்டும் ஒரே எடை இல்லங்கறதுதான் என் கருத்து, ஏன்னு கீழ சொல்றேன்.

கேமிங் கம்யூனிட்டிகளுக்கு மாடரேஷன் பார்க்கறது என் பொழப்பு, ரிப்போர்ட் ஆகி வர்ற பேருங்களை நாள் பூரா பார்த்துட்டு இருக்கறவ. பச்சை கெட்ட வார்த்தைல பேர் வச்சிருந்தா ஒரு கஷ்டமும் இல்ல, ரெண்டு செகண்ட்ல கதை முடிஞ்சுது. தலைவலி எல்லாம் உங்களுது மாதிரி கேஸ்தான், வச்ச பசங்க நல்ல பசங்க, ஒருத்தரை நோகடிக்கணும்னு நினைச்சு வச்சதும் இல்ல, ஆனா பேர் அதுபாட்டுக்கு வேற ஒரு வேலை பண்ணிட்டு இருக்கும்.

மொதல்ல மாஸ்டர் ரேஸ், அதாவது ஆளப்பிறந்த இனம். இது எங்கிருந்து வந்துச்சுனு பாதிப்பேருக்கு தெரியாது. 2008ல பென் குரோஷானு ஒரு கேம் விமர்சகர், யாட்ஸீனு சொன்னாதான் தெரியும், அவர் ஜீரோ பங்க்சுவேஷன்ங்கற வீடியோ தொடர்ல தி விட்சர் கேமை பத்தி பேசும்போது எடுத்து விட்டதுதான் இந்த வார்த்தை. பிசி வச்சிருக்கறவங்க ஏதோ ஒசந்த இனம் மாதிரியும் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன்ல ஆடறவங்க அழுக்கு குடியானவங்க மாதிரியும் பேசிக்கறாங்களேனு நக்கலடிச்சார். யாரை? பிசி ஆளுங்களை. அதாவது உங்களைத்தான் தம்பி. அந்த அலட்டல் தாங்கலனு ஒருத்தர் கிண்டல் பண்ணா, கிண்டலுக்கு ஆளானவங்களே அதை எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டாங்க. ரெடிட்ல 2011லயே அந்த பேர்ல ஒரு குரூப் வந்துடுச்சு, இன்னிக்கு அதுல பல லட்சம் பேர். நக்கலா சொன்னேன்னு யாட்ஸீயே பின்னாடி விளக்கம் குடுத்தார், யார் கேட்டா? 2015ல பிசி கேமர் பத்திரிகை, பேர்லயே பிசி இருக்கற பத்திரிகை, அதுலயே இந்த பேரை விட்டுடலாமேனு ஒரு கட்டுரை வந்துச்சு, அப்பவும் நெட்ல பெரிய சண்டைதான் நடந்துச்சே ஒழிய பேர் போகல.

நான் பிடிச்சுக்கற விஷயம் இதுதான். அந்த ஜோக்கை உருவாக்கினவராலயே அதோட அர்த்தத்தை கையில வச்சுக்க முடியல. அப்புறம் உங்க 60 பேர் சர்வர்ல எந்த மனசுல வச்சீங்கனு மியூனிக்ல உங்க ஃப்ரெண்டோட ரூம்மேட்டுக்கு எப்படி தெரியும்? அவருக்கு தெரியறது லேப்டாப் ஸ்கிரீன்ல இருக்கற பேர் மட்டும்தான். அந்த ஊர்ல ஸ்கூல்லயே அந்த வரலாறை வரி வரியா படிச்சுட்டு வர்றாங்க. ஆளப்பிறந்த இனம்னு ஒண்ணு இருக்கு, அது நாங்கதான், மீதிப்பேர் அடிமையா இருக்கணும் இல்லனா இருக்கவே கூடாதுங்கறது நாஜிகளோட கொள்கை. அதை வச்சுத்தான் யூதர்களையும் ரோமா மக்களையும் கொன்னு குவிச்சாங்க, போலந்துல மட்டும் யூதர்களும் மத்தவங்களுமா செத்தவங்க 50 லட்சத்துக்கும் மேல. இதுல ஒரு கொடுமை பாருங்க, அந்த விட்சர் கேமை செஞ்ச கம்பெனி இருக்கறதே போலந்து தலைநகர் வார்சால, 1944ல ஹிட்லர் ஆளுங்க வீதி வீதியா இடிச்சு தரைமட்டம் ஆக்கின அதே ஊர்ல.

இதெல்லாம் ஐரோப்பா சமாச்சாரம், நமக்கு என்னனு தோணலாம். சரி, அந்த பேரை நம்மூர்ல வச்சு பாருங்க. ‘ஆண்ட பரம்பரை’. இதே வார்த்தையை பிஜிஎம்ஐ லாபியில ஐடியா வச்சுக்கிட்டு திரியறவங்களை நீங்களே பார்த்திருப்பீங்க, பார்த்ததும் உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆகியிருக்கும், யாருடா இவன் எந்த ஊர்க்காரன்னு யோசிச்சிருப்பீங்க. உங்க சர்வருக்கு ‘கோவை ஆண்ட பரம்பரை’னு பேர் வச்சு சும்மா ஜோக்குதான்னு சொன்னா ஒருத்தன் உள்ள வருவானா? இங்கிலீஷ்ல இருக்கறதால காரம் தெரியல, அவ்ளோதான்.

இருந்தாலும் இதை ரெண்டாவது இடத்துல வச்சேன், ஏன்னா பிசி மாஸ்டர் ரேஸ்ங்கறது உலகம் பூரா பழகி நைஞ்சுபோன மீம், அதை சொல்ற எல்லாரும் நாஜினு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்களோட ஒத்தும் போக மாட்டேன். அந்த மீம் கோயமுத்தூர் வந்து சேர்ந்தப்ப என்னாச்சுங்கறதுதான் விஷயம்.

அமெரிக்காவுல பிசிக்காரனும் பிளேஸ்டேஷன்காரனும் அடிச்சுக்கறது ஒரே வருமானம் உள்ள ரெண்டு பேர் எந்த பொம்மை ஒசத்தினு போடற சண்டை. நம்மூர் கதை அப்படியா? ஒரு நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டே 25,000 ரூபாய்க்கு மேல, அதுக்கப்புறம் மானிட்டர், யூபிஎஸ், எல்லாத்தையும் விட வீட்ல உனக்குனு ஒரு மேசை போட இடம். ஃபோன்ல ஆடறவன் அதையே அம்மாவுக்கு பேசவும் குடுக்கணும், ஆன்லைன் கிளாஸுக்கும் அதே ஃபோன்தான். 2016ல ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் அவன் கேமிங்குக்குள்ளயே வர முடிஞ்சுது. அதனால இங்க பிசியா மொபைலாங்கறது பாதி நேரம் எந்த வீட்டு பையன்னு கேக்கற கேள்விதான். அங்க குடியானவன்னு கலாய்ச்சா எக்ஸ்பாக்ஸ்காரன் சிரிச்சுட்டு போயிடுவான், இங்க அதுக்கு பதிலா என்ன வார்த்தை போடலாம்னு தேடினப்ப உங்க கைக்கு தன்னால வந்து மாட்டினது ‘சேரி’.

இப்ப உங்க லெட்டரை நீங்களே இன்னொரு தடவை படிங்க. மேல மெயின் வாய்ஸ் சேனல், அதுக்கு பேரே ‘மெயின்’. கீழ தனியா சேரி. சேரியில இருக்கறவன் மேல வரணும்னா யாராவது கூப்பிடணும், தானா வர முடியாது. எக்கோவுக்காக பண்ணினோம்னு சொல்றீங்க, நம்பறேன். ஆனா டிஸ்கார்ட்ல எக்கோவுக்கு ஹெட்செட் போடுனு சொல்லலாம், எக்கோ கேன்சலேஷன் ஆன் பண்ண சொல்லலாம், எவன் மைக் கத்துதோ அவனை மட்டும் சர்வர் மியூட் பண்ணலாம், இத்தனை வழி இருக்கு. நீங்க பண்ணினது ஒரு ரோலுக்கே, அதாவது மொபைல் பசங்க மொத்தப்பேருக்கும், கதவை சாத்தினது. பேர் ஜோக்கா இருக்கலாம், பர்மிஷன் செட்டிங் ஜோக் இல்லயே. ஊரும் சேரியும் எப்படி பிரிச்சு வச்சிருந்தாங்களோ அதே வரைபடத்தை ஒருத்தரும் சொல்லிக் குடுக்காம நீங்களா கிளிக் பண்ணி உண்டாக்கியிருக்கீங்க. உங்களை திட்டறதுக்காக இதை சொல்லல, அந்த பேர் எவ்ளோ ஆழமா வேலை செய்யுதுனு காட்டறேன்.

‘சேரினா குடியிருப்புனு தானே அர்த்தம், புதுச்சேரி, வேளச்சேரி எல்லாம் இல்லயா’னு உங்க குரூப்ல ஒருத்தர் கட்டாயம் கேப்பார், எல்லா குரூப்லயும் அப்படி ஒரு புலவர் இருப்பார். அவர் சொல்றது தப்பில்ல. ராஜராஜன் காலத்து தஞ்சாவூர் கல்வெட்டுல கம்மாணச்சேரி இருக்கு, கைத்தொழில் செய்றவங்க தெரு. அதே கல்வெட்டுங்கள்ல தீண்டாச்சேரியும் இருக்கு, அதையும் அவர் சேர்த்து படிக்கணும். நீங்க சேனலுக்கு பேர் வச்சப்ப கல்வெட்டை நினைச்சா வச்சீங்க? மட்டம், அழுக்கு, கத்தல், இதை நினைச்சுத்தானே. 2023 நவம்பர்ல ஒரு நடிகை, அரசியல்லயும் இருக்கறவங்க, ட்விட்டர்ல ‘சேரி மொழி’னு எழுதிட்டு கண்டனம் கிளம்பினதும், பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கு அன்புக்குரியதுனு அர்த்தம்னு விளக்கம் குடுத்தாங்க. ஊரே எப்படி சிரிச்சுதுனு ஞாபகம் இருக்கும். அந்த நிலைமைக்கு போயிடாதீங்க.

லெஃப்ட் ஆன பையன் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இந்த லெட்டர்லயே முக்கியமா பட்டது அதுதான். அவன் எதுக்கு போனான்னு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, நெஜமாவே வேலை ஜாஸ்தியா இருக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த பேர் அவனை குத்தியிருந்தா அவனால எப்படி அதை சொல்ல முடியும்? ‘டேய் அந்த பேர் வேண்டாம்டா’னு சொன்ன அடுத்த செகண்ட் ‘ஏன்டா, நீ என்ன அந்த ஆளா’னு ஒருத்தனாவது கேப்பான், வாயால கேக்கலனாலும் மனசுக்குள்ள கேப்பான். அவ்ளோ வருஷமா ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் தெரியாம, தெரிய வேண்டிய அவசியமும் இல்லாம இருந்த ஒரு விஷயத்தை 60 பேர் முன்னாடி திறந்து காட்டணும். அதுக்கு பதிலா வேலை ஜாஸ்திடானு போயிடறது எவ்ளோ சுலபம். நாங்க சாதி பார்க்கறதில்லனு எழுதியிருக்கீங்க, நல்லது, ஆனா யாரும் பார்க்காத இடத்துலதான் யாருக்கு வலிக்குதுனும் தெரியாம போகுது.

இதனாலதான் அந்த போல் செல்லாதுங்கறேன். 33க்கு 5. சிரிப்பு வந்தவங்களும் வலிச்சவங்களும் ஒரே பெட்டியில ஓட்டு போட்டா எது ஜெயிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சதுதானே. அதுலயும் ஓட்டே போடாம 20 பேருக்கு மேல இருந்திருக்காங்க, அவங்க எல்லாம் மொபைல் பக்கமா பிசி பக்கமானு ஒரு தடவை எண்ணி பாருங்க. புது பேர் என்ன வைக்கலாம்னு போல் வைங்க, பழைய பேர் போகணுமா வேண்டாமானு வைக்காதீங்க. அட்மின்னா சில விஷயத்தை ஒத்தை ஆளா முடிவு பண்ணி திட்டு வாங்கத்தான் வேணும், அதுக்குத்தான் சர்வர் ஓனர் பேர் பக்கத்துல அந்த கிரீடம் ஐகான்.

நூப் பத்தி பயப்படாதீங்க. நூப்னு கூப்பிட்டா அவன் ரெண்டு மாசம் பிராக்டீஸ் பண்ணி உங்க மண்டையை உடைச்சுட்டு ‘இப்ப யாருடா நூப்’னு கேக்கலாம். தூங்குமூஞ்சி, வெட்டி ஆபீசர், கேம்பர், பாட், எல்லாத்துலயும் தப்பிக்க வழி இருக்கு. பொறப்பு, சாதி, தோல் நிறம், உடம்பு, ஆணா பெண்ணா திருநங்கையாங்கறது இதுல எல்லாம் அந்த வழி கிடையாது, நான் பிரிக்கற கோடு இதுதான், சில பேர் கோட்டு மேல நிக்கும், அதை அப்பப்ப பேசிக்க வேண்டியதுதான். அதே நேரம் கண்ணை மூடிட்டு வெட்டறதும் வேண்டாம். 2010ல அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியாவுல ஒருத்தர் எக்ஸ்பாக்ஸ் புரொஃபைல்ல தன் ஊர் பேரை போட்டதுக்கு அக்கவுன்ட்டை சஸ்பென்ட் பண்ணிட்டாங்க, ஏன்னா அந்த ஊர் பேரே ஃபோர்ட் கே (Fort Gay). நெஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்குனு மேயரே பேசி பார்த்தார், அப்புறம்தான் மைக்ரோசாஃப்ட் மன்னிப்பு கேட்டுச்சு. என் தொழில்ல இந்த மாதிரி கூத்தும் நடக்கும்.

டோர்னமென்ட்காரங்க மேல கோவப்படாதீங்க, அவங்க பயம் அவங்களுக்கு. 2018 நவம்பர்ல டோட்டா 2 ஆடற ரெண்டு பிலிப்பைன்ஸ் பிளேயருங்க தனித்தனி மேட்ச்ல சாட்ல சீனாக்காரங்களை கேவலப்படுத்தற வார்த்தையை டைப் பண்ணினாங்க. சீனாவுல ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க, கடைசில அதுல ஒருத்தர், டிஎன்சி டீமோட குக்கு, 2019 ஜனவரில நடந்த சோங்கிங் மேஜர்ல ஆடக் கூடாதுனு அந்த கேமை செஞ்ச வால்வ் கம்பெனியே சொல்லிடுச்சு. அந்த விஷயத்தை டீம் கையாண்ட விதமும் அதுக்கு ஒரு காரணம். ரெண்டு வார்த்தைக்கே அந்த கதினா, ஸ்கோர்போர்ட்ல முழு மேட்சும் நிக்கற டீம் பேரை அவங்க பார்க்காம விடுவாங்களா.

கேஸ் ஆகுமானு கேட்டீங்க. நான் வக்கீல் இல்ல. 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல, பட்டியல் சாதியை சேர்ந்த ஒருத்தரை வேணும்னே பொது பார்வையில அவமானப்படுத்தறதும் சாதி பேர் சொல்லி திட்டறதும் குற்றம். இன்டர்நெட்ல போடறதும் பொது பார்வைதான்னு 2022ல ஒரு யூடியூப் கேஸ்ல கேரளா ஹைகோர்ட் சொல்லியிருக்கு. ஒரு சேனல் பேர் அதுல வருமா வராதாங்கறது கோர்ட் பார்க்க வேண்டிய சமாச்சாரம், உண்மையா அந்த பயம் இருந்தா வக்கீலை பாருங்க. ஆனா தனியா ஒருத்தனை பார்த்து அந்த பேரை சொல்லி கலாய்க்கறது வேற லெவல் சிக்கல், அதை பசங்க கிட்ட தெளிவா சொல்லி வைங்க.

மாத்தும்போது பெரிய அறிக்கை எல்லாம் வேண்டாம். சர்வர் செட்டிங்ஸ்ல பேர் மாத்தினாலும் பழைய இன்வைட் லிங்க் அப்படியேதான் வேலை செய்யும், அதனால ஆள் போயிடும்னு கவலை இல்ல. சேனல் பேர், ரோல் பேர், பின் பண்ணி வச்ச மெசேஜ், சர்வர் ஐகான், முக்கியமா கஸ்டம் எமோஜி, இதையெல்லாம் ஒரு தடவை பாருங்க. பேர் மாறியும் எமோஜில பழசு ஒளிஞ்சுட்டு இருக்கறது எப்பவும் நடக்கறது. நொண்டி, செவிடு, ஒம்போது மாதிரி எதாவது கிடந்தா அதையும் அப்படியே கழிச்சு விடுங்க. மாற்றுத்திறனாளிகளை பொது பார்வையில வேணும்னே கேவலப்படுத்தினா 2016 சட்டப்படி ஆறு மாசத்துலருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்குங்கறதும் பல பேருக்கு தெரியாது. மொபைல் சேனலுக்கு தனியா கலாய்க்கற பேரே வேண்டாம், ‘பிஜிஎம்ஐ’னே வைங்க. அனௌன்ஸ்மென்ட்ல ரெண்டு வரி போதும்: இந்த பேருங்களை மாத்தியாச்சு, முன்னாடி வச்சது சரியில்ல, வாய்ஸ் எல்லாருக்கும் ஓப்பன். ‘யாருக்காவது மனசு புண்பட்டிருந்தா’னு ஆரம்பிக்காதீங்க, கை தூக்குங்கடானு கேக்கற மாதிரி இருக்கும்.

போன பையனுக்கு குரூப்ல டேக் பண்ணாம, நடுவுல ஆள் வைக்காம, நீங்களே தனியா ஒரு மெசேஜ் போடுங்க. ‘அந்த சேனல் பேரை தூக்கிட்டேன்டா, அப்படி வச்சிருக்கவே கூடாது. சனிக்கிழமை விளையாடறோம், தோணினா வா.’ இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அதுக்காகத்தான் போனியானு கேக்காதீங்க, அவன் எந்த ஆளுனு வேற யார்கிட்டயும் விசாரிக்காதீங்க, தப்பித் தவறிக் கூட. பதில் வரலனா விட்டுடுங்க, ஞாபகப்படுத்தி இன்னொரு மெசேஜ் போடாதீங்க. வராம இருக்கறதும் அவன் இஷ்டம்தான்.

கடைசியா அந்த 88. மியூனிக்காரர் சொல்றது உண்மைதான், இங்கிலீஷ் எழுத்து வரிசையில எச் எட்டாவது, அதனால 88ங்கறது ஹெய்ல் ஹிட்லருக்கு நவநாஜி கும்பல் வச்ச ரகசிய குறி. ஜெர்மனியில கார் நம்பர் பிளேட்லயே எஸ்எஸ், எஸ்ஏ மாதிரி எழுத்து ஜோடிங்களை தர மாட்டாங்க, அவ்ளோ கவனம். ஆனா நம்மூர்ல ஐடியில 88 இருந்தா நூத்துக்கு தொண்ணூறு அது பொறந்த வருஷம், இல்லனா ராசி எண், எங்கேயோ படிச்சுட்டு எல்லா 88ஐயும் சந்தேகப்பட ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. அமெரிக்காக்காரனுக்கு 420னா கஞ்சா, நமக்கு ஃப்ராடு, அதுவும் இப்ப 2024 ஜூலைலருந்து புது சட்டத்துல செக்‌ஷன் நம்பரே 318 ஆயிடுச்சு, இன்னும் யாரும் த்ரீ எய்ட்டீன்னு திட்ட ஆரம்பிக்கல. உங்க ஆளு 88ல பொறந்தவரா இருந்தா அப்படியே விடுங்க, ஐரோப்பா சர்வர்ல யாராவது கேட்டா சண்டைக்கு போகாம பொறந்த வருஷம்னு சொல்ல சொல்லுங்க. 14ங்கறது வெள்ளை இனவெறி கும்பலோட 14 வார்த்தை கோஷம், அந்த 14ம் 88ம் சேர்ந்து 1488னு ஐடி வச்சுட்டு யாராவது உள்ள வந்தா மட்டும் விசாரணையே வேண்டாம், பேன் பண்ணிடுங்க.